அந்தமானில் அட்வென்சர் ட்ரிப்: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கடலைக் கேளுங்க!

நாமக்கல் மாவட்டத்துப் புதுச்சத்திரத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்கப் பல மணி நேரம் ஆகும். (கடலூர் மாவட்டத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு புதுச்சத்திரம் இருக்கு. நாம பேசுறது சேலம் - நாமக்கல் ரோட்டில் இருக்கிற ஊர்.) ஆனாலும் ரீல்ஸ் புண்ணியத்தில் இந்த ஊர்ப் பசங்களின் பக்கெட் லிஸ்ட்டிலும் ஸ்கூபா டைவிங் ஏறிவிட்டது. பாலி, தாய்லாந்து என்று தேட ஆரம்பிப்பதற்கு முன், பாஸ்போர்ட்டே இல்லாமல் ஆதார் கார்டோடு போய்வரக்கூடிய வெப்பமண்டலத் தீவுக்கூட்டம் ஒன்று நமக்கே இருக்கிறது. அது அந்தமான்.

ஒரே ஒரு சிக்கல்தான். நம்மில் பலர் அந்தமான் பிளானைத் தலைகீழாகப் போடுகிறோம். ஆஃபரில் ஃபிளைட் டிக்கெட் வந்தது, போட்டாச்சு, அங்க போய் என்ன பண்றதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்! ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் இது சரிப்படும். தீவில் சரிப்படாது. காற்று கிளம்பினால் படகு போகாது. சளி பிடித்தால் தண்ணீருக்குள் இறங்க முடியாது. டைவ் அடித்த கையோடு விமானம் ஏறக் கூடாது. அதனால் முதலில் என்ன விளையாட்டு, அதற்கு எந்த மாதம், எத்தனை நாள் என்று முடிவு செய்துவிட்டு, கடைசியில்தான் டிக்கெட்.

எந்த மாதம்?

கேரளாவுக்கு முன்பே தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும். வழக்கமாக மே மாதத்தின் பிற்பாதியிலேயே மழை ஆரம்பம். அப்போதிருந்து செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பு, கலங்கல் தண்ணீர், படகு ரத்து. அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னங்கள். டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரைதான் கடல் விளையாட்டுகளுக்கு நல்ல காலம். கிறிஸ்துமஸ், நியூ இயர் வாரத்தில் எல்லா ரேட்டும் எகிறும் என்பதால், பொங்கல் முடிந்து மார்ச் வரை போவது பர்ஸுக்கும் நல்லது.

'டிசம்பர்தானே, ஒண்ணும் ஆகாது' என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவம். 2016 டிசம்பர் முதல் பாதியில் திடீரென வானிலை கெட்டு, ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படை உள்ளிட்ட படைகளின் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் போய்த்தான் அவர்களை மீட்டு வந்தன. அந்தமான் பிளானில் ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். அந்த ஒரு நாள் வேஸ்ட் இல்ல, இன்ஷூரன்ஸ்.

பெயர் மாறிப்போச்சு, கவனம்!

ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் தீப் ஆனது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆனது.  படகு டிக்கெட்டில் ஒரு பெயர், ஹோட்டல் ஆப்பில் இன்னொரு பெயர் என்று வரும். இரண்டும் ஒரே இடம்தான், பதற வேண்டாம்.

போய்ச் சேருவது எப்படி?

சேலத்திலிருந்து இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ சென்னை. அங்கிருந்து ஸ்ரீ விஜய புரத்துக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் போல ஆகும். சென்னையிலிருந்து கப்பலும் உண்டு. ஆனால், மாதத்தில் சில நாள்கள் மட்டும்தான், போய்ச் சேரவே சுமார் மூன்று நாள். கப்பல் பயணமே ஒரு அனுபவம் என்பவர்கள், கையில் நிறைய லீவு இருப்பவர்கள் முயற்சி செய்யலாம். ஒரு வார லீவில் வருபவர்களுக்கு வேண்டாம்.

ஸ்ரீ விஜய புரத்திலிருந்து ஸ்வராஜ் தீப்புக்குத் தனியார் ஃபெர்ரியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரசுப் படகில் இன்னும் கொஞ்சம் கூடும், டிக்கெட் ரொம்பவே மலிவு, ஆனால் சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அலைக்கு வயிறு பிரட்டும் ஆளாக இருந்தால், டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, படகு ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை.

மொழி பிரச்னை இருக்காது. அங்கே வாழ்பவர்களில் தமிழர்கள் கணிசம். ஸ்ரீ விஜய புரத்தில் வெற்றிமலை முருகன் கோயிலே இருக்கிறது.

ஸ்கூபா: நீச்சல் தெரியணுமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. 'டிரை டைவ்' என்கிற அறிமுக டைவுக்கு நீச்சல் கட்டாயம் இல்லை என்றுதான் அங்கே பல சென்டர்களில் சொல்வார்கள். பயிற்சியாளர் உங்களைப் பிடித்தபடியே கூட்டிப்போவார், ஆழம் 12 மீட்டருக்குள்தான். அதைத் தாண்டி, 18 மீட்டர் வரை டைவ் அடிக்க உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் வேண்டுமென்றால், மூன்று நான்கு நாள் கோர்ஸ். அதற்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும்.

இடுப்பில் கேனைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. உப்புத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட நன்றாகவே தூக்கிக் கொடுக்கும். ஆனால், கிணற்றில் அலையும் இல்லை, நீரோட்டமும் இல்லை. 'நான் கிணத்துலயே டைவ் அடிச்சவன்' என்ற தெம்பில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். பத்து மீட்டர் ஆழத்தில் உடல்மேல் இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. முதலில் அது தெரிவது காதில்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் காது 'பொளக்'கென்று சரியாகும். இதை இறங்க இறங்கச் செய்துகொண்டே போக வேண்டும். சளி, மூக்கடைப்பு இருந்தால் இது நடக்காது. கட்டாயப்படுத்தி இறங்கினால் செவிப்பறை கிழியலாம். அதனால்தான், சளி பிடித்தால் அன்றைக்கு டைவ் இல்லை. இன்னொரு விதி, மூச்சை எப்போதும் அடக்கக் கூடாது. மேலே வரவர அழுத்தம் குறைந்து, நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரியும். வாயால் சீராக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, அண்மையில் நடந்த ஆபரேஷன், கர்ப்பம் - இதில் எது இருந்தாலும் மறைக்காதீர்கள். நல்ல சென்டராக இருந்தால் முதலில் மெடிக்கல் ஃபார்ம் தருவார்கள். ஃபார்மே தராமல் 'வாங்க, ஈஸிதான்' என்று தண்ணீரில் இறக்கும் இடமென்றால், அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, கிளம்பிவிடுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். டிரை டைவுக்கு ஒருவருக்கு ஒருவர் என்றால்தான் நிம்மதி. கட்டணத்தைப் பொறுத்தவரை, கரையிலிருந்து இறங்கும் டைவ் குறைவு, படகில் போய் இறங்குவது அதிகம். வீடியோவும் சேர்த்தா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

டைவ் முடிஞ்சதும் ஃபிளைட் ஏறாதீங்க

ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால், கேபினில் அழுத்தம் குறைவு. சோடா பாட்டிலின் மூடியைத் திறந்ததும் நுரைத்துக்கொண்டு வருமே, உடம்புக்குள் அதுபோல நைட்ரஜன் குமிழிகள் உருவாகலாம். மூட்டு வலியில் ஆரம்பித்து பக்கவாதம் வரைகூடப் போகும் ஆபத்து அது.

அதனால் ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்கள் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரமும் இடைவெளி விட வேண்டும் என்பது டைவிங் உலகின் பொதுவான வழிகாட்டல். ஒரு முழு நாளே விட்டுவிடுவது நல்லது. இந்த இடைவெளியில் மலை ஏறுவதும் வேண்டாம். அன்றைக்கு செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டு வரலாம். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறையின் ஏழு சிறகுகளில் இப்போது மிச்சம் இருப்பது மூன்று.

இப்படிக் கணக்குப் போட்டால் ஏழு நாள் பிளான் தானாக உருவாகும். முதல் நாள் காலை ஸ்ரீ விஜய புரம், ஓய்வு. இரண்டாம் நாள் மவுன்ட் மணிப்பூர். மவுன்ட் ஹேரியட்டின் புதுப் பெயர் இது. பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கக் காட்சி இங்கிருந்து தெரிவதுதான். மலையேற்றம் டைவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது பாருங்கள். மூன்றாம் நாள் ஸ்வராஜ் தீப். நான்காம் நாள் டைவ். வானிலை கெட்டால் ஐந்தாம் நாளுக்குத் தள்ளிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஸ்நார்க்கலிங், கயாக்கிங். ஆறாம் நாள் திரும்பி வருவது. ஏழாம் நாள்தான் விமானம். ஃபெர்ரியில் வந்து இறங்கி அதே நாள் மதியம் ஃபிளைட் பிடிப்பது போன்ற சினிமா கிளைமாக்ஸ் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

தண்ணிக்கு மேலயும் நிறைய இருக்கு

ஸ்வராஜ் தீப்பின் எலிஃபன்ட் பீச்சுக்குப் படகிலும் போகலாம், காட்டுவழியே நடந்தும் போகலாம். நடைதான் என்னுடைய சாய்ஸ். சேறும் வேருமாக இருக்கும் பாதை, முடிவில் திடீரென்று பச்சை நீலக் கடல். அங்கே ஸ்நார்க்கலிங் செய்யும்போது பவளத்தின் மேல் கால் வைத்து நிற்காதீர்கள். அது கல் இல்லை, உயிர்.

மாங்குரோவ் காட்டுக்குள் கயாக்கிங் போவது இன்னொரு அனுபவம். இரவில் போனால் துடுப்பு படும் இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வெளியிடும் ஒளி அது. நிலா வெளிச்சம் இல்லாத இரவில்தான் நன்றாகத் தெரியும் என்பதால், தினசரி காலண்டரில் அமாவாசையைப் பார்த்து டூர் போடுங்கள். வீட்டில் அம்மா சந்தோஷப்படுவார்!

நடக்கப் பிடிக்கும், இன்னும் மூன்று நாள் லீவு இருக்கு என்பவர்களுக்கு வடக்கே டிக்லிபூர் அருகில் சேடில் பீக். உயரம் 732 மீட்டர், அந்தமான் நிகோபாரிலேயே உயரமான சிகரம். கிட்டத்தட்ட கடல் மட்டத்திலிருந்தே ஏறத் தொடங்க வேண்டும், வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் தேவை. உயரத்தைவிட அந்தப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும்.

இதற்கெல்லாம் பயிற்சி எடுக்க புதுச்சத்திரத்துக்காரர்கள் ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை, கொல்லிமலை பக்கத்திலேயே இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறுங்கள். இறங்கும்போது எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள், ஏறும்போதுதான் தெரியும் யார் சேடில் பீக்குக்கு ரெடி என்று. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து வாரம் ஒரு தடவை போய்வந்தால் கால் தானாகப் பழகிவிடும்.

சிரிப்பை நிறுத்திட்டுப் படிக்க வேண்டிய பகுதி

2014 ஜனவரி 26 அன்று ஸ்ரீ விஜய புரம் அருகே சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். அதில் பலர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள். படகில் எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்பது, எண்ணிப் பார்ப்பது, லைஃப் ஜாக்கெட்டின் பக்கிள் மாட்டுகிறதா என்று இழுத்துப் பார்ப்பது - இதெல்லாம் ஓவர் சீன் இல்லை. கூட்டம் அதிகமாக இருந்தால் அடுத்த படகில் போகலாம்.

அந்தமானில் உப்பு நீர் முதலைகள் உண்டு. 2010-ல் ராதாநகர் பீச் பகுதியில் ஸ்நார்க்கலிங் செய்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில், ஓடை கடலில் கலக்கும் இடத்தில், இருட்டிய பிறகு - தண்ணீரில் இறங்காதீர்கள். லைஃப் கார்டு விசில் அடித்தால் வெளியே வந்துவிடுங்கள், வாக்குவாதம் கரைக்கு வந்த பிறகு.

டிக்லிபூருக்குச் சாலையில் போனால் ஜாரவா பழங்குடியினரின் பகுதியைக் கடக்க வேண்டும். வண்டிகள் கான்வாயாகத்தான் போகும். நிறுத்துவது, போட்டோ எடுப்பது, பிஸ்கட் கொடுப்பது எல்லாமே குற்றம், ஜெயில் தண்டனை உண்டு. யாராவது 'ஜாரவாக்களைக் காட்டுறோம்' என்று டூர் விற்றால் வாங்காதீர்கள். அவர்கள் காட்சிப் பொருள் இல்லை.

பையில் என்ன?

அங்கே சூரியன் நமக்கு முன்பே எழுந்துவிடும். காலை 5 மணிக்கே வெளிச்சம், மாலை ஐந்தரைக்கு இருட்டு. பத்து மணிக்கு எழுந்து ஊர் சுற்றும் பழக்கத்தை சென்னையிலேயே விட்டுவிடுங்கள். 2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு இன்டர்நெட் எவ்வளவோ தேவலை. ஆனாலும் சின்னத் தீவுகளில் சிக்னல் இல்லாமல் யூபிஐ காலை வாரும். ரொக்கம் தனியாக வையுங்கள், படகு டிக்கெட்டையும் ஐடி கார்டையும் போனில் ஆஃப்லைனில் சேமித்து, ஒரு பிரின்ட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுக்கை டி-ஷர்ட், ஜீன்ஸுக்குப் பதிலாகச் சீக்கிரம் காயும் பேன்ட், பிடிமானமுள்ள செருப்பு, மணல் ஈக்கடிக்கு க்ரீம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் இரண்டு நாள் கூடுதலாக. திரும்பும்போது பையில் இருக்கக் கூடாத ஒன்றும் உண்டு. கரையில் கிடந்த செத்த பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்து வருவது வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஏர்போர்ட் ஸ்கேனரில் மாட்டும். சங்கு, சிப்பி வேண்டுமென்றால் அரசு எம்போரியத்தில் பில்லோடு வாங்கி, அந்த பில்லை போர்டிங் பாஸோடு கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.