செயப்பாட்டு வினையும் மலையகத்தார் வரலாறும்

இலக்கணம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. சட்டத்தினுள்ளும் ஒப்பந்தத்தினுள்ளும் புகுந்து மக்கள் வாழ்வைத் தொடுவதும் உண்டு. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை பெயரோடு சேரும் முறையையும், அம்முறை மலையக மக்கள் வரலாற்றில் நின்ற நிலையையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் செயப்படுபொருள் குன்றா வினையின் இறந்தகால எச்சம் பெயருக்கு முன் நிற்குமாயின், அப்பெயர் பெரும்பாலும் செயலுக்கு உள்ளான பொருளையே குறிக்கும். ‘பிளக்ட் லீஃப்’ என்பது பறிக்கப்பட்ட கொழுந்து; பறித்தவளை அத்தொடர் குறியாது. அவள் யாரெனக் கூற வேண்டின் ‘பை’ என்னும் இடைச்சொல்லைச் சேர்க்கலாம். சேர்க்காது விடினும் வாக்கியம் குறைவுபடாது. ‘ஃபாலன் லீஃப்’, அதாவது விழுந்த இலை, போன்ற குன்றிய வினைத் தொடர்கள் இதற்குப் புறனடையாம்.

தமிழின் நெறி வேறு. வட்டவளை மலையிலே கொழுந்து பறிப்பதைச் சொல்லுங்கால், பறித்த பெண், பறித்த கொழுந்து, பறித்த மலை, பறித்த நாள் என ஒரே பெயரெச்சம் எல்லாவற்றோடும் இயைகின்றது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறும் பெயரெச்சம் கொண்டு முடியும் என்பது நன்னூலார் கொள்கை. ஆதலின் ‘பறித்த கொழுந்து’ என்பதற்குப் ‘படு’ துணை வேண்டுவதில்லை. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லும், திராவிட மொழிகளுக்குச் செயப்பாட்டு வினை இயல்பன்று என்றே கருதினார். எனினும் ‘படு’ அயற்சரக்கன்று. ‘செயப்படுபொருள்’ என்னும் தொல்காப்பியச் சொல்லிலேயே அது உண்டு. சட்டமும் அரசாங்க அறிக்கையும் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டபோது அதன் ஆட்சி பெருகிற்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜைகளை வம்சாவளியினர், பதிவு செய்யப்பட்டோர் என இரு வகுப்பாக்கிற்று. முன்னது பிறப்பால் வருவது. பின்னது பிறர் செயலால் வருவது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்திருத்தல் வேண்டும் என விதித்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவோர் எனவும், 3,00,000 பேர் இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கப்படுவோர் எனவும் வகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. அம்மக்கள் ஒரு தரப்பாக அந்த மேசையில் அமர்ந்தாரல்லர்.

இங்கே இலக்கண உண்மையொன்று விளங்குகின்றது. செயப்பாட்டு வாக்கியத்தில் செயப்படுபொருள் எழுவாயாகின்றது. ஆயின் வினைமுதல் ஆவதில்லை. ‘தொழிலாளர் அனுப்பப்பட்டனர்’ என்புழித் தொழிலாளர் எழுவாய்; அனுப்பியவரோ வாக்கியத்தில் இல்லை. இத்தீங்கை இலக்கணமே விளைத்தது என்பது பொருந்தாது. செய்தவரை மறைக்க அது இடந்தந்தது என்பதே அமையும். ஆதலின் வரலாறு எழுதுவோர் ‘பட்டனர்’ என்னும் முற்றைக் காணுந்தோறும், ‘யாரால்?’ என வினவுதல் கடனாகும். 1964 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை அளித்த பின்னரும் அக்கடன் தீர்ந்துவிடவில்லை.

இறுதியாக ஒன்று. ‘பாடுபட்ட மக்கள்’ என்னும் தொடரிலும் ‘பட்ட’ உண்டு. எனினும் அது செயப்பாட்டு வினையன்று. அங்கே மக்களே வினைமுதல். காட்டை மலைத்தோட்டமாக்கியவர் வரலாற்றை அவ்விலக்கணத்தில் எழுதுதலே நேரிது.