எண் ஒன்று, நிறம் இரண்டு

பெயிண்ட் கடையில் அட்டையைப் புரட்டி ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டுகிறோம். கடைக்காரர் அதன் எண்ணைக் கணினியில் இடுகிறார். வெள்ளை பேஸ் நிரம்பிய டப்பாவுக்குள் நிறமிக் குழம்புகள் துளித்துளியாய் விழுகின்றன. குலுக்கும் எந்திரம் சில நிமிடம் அதிர்ந்து ஓய்கிறது. மழையில் ஊறிப் பாழான ஒரு சுவரை மட்டும் மீண்டும் பூச, நாமும் அப்படித்தான் வாங்கி வந்தோம். தந்தையார் தம் இறுதிக் காலத்தில் தாமே தேர்ந்தெடுத்த இளம்பச்சை அது. பழைய டப்பாவின் எண்ணைத்தான் கொடுத்தோம். உலர்ந்தபின் பார்த்தால், மூன்று சுவர்கள் ஒரு நிறம், நான்காவது வேறு நிறம். தவறியது எண்ணா, கண்ணா?

இதே வினா 1824இல் பாரிசில் எழுந்தது. புகழ்பெற்ற கோபலான் திரைச்சீலைக் கூடத்தின் சாயப் பிரிவுக்கு மிஷேல் யூஜின் செவ்ரல் என்னும் வேதியியலாளர் பொறுப்பேற்றார். அங்கு நெய்யப்படும் கறுப்பு வெளிறித் தெரிகிறது என்று ஒரு புகார் இருந்தது. செவ்ரல் பிற சாயக்கூடங்களின் கறுப்புக் கம்பளி நூல்களை வரவழைத்து ஒப்பிட்டார். கோபலான் கறுப்பில் குறையில்லை. அருகே நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கச் செய்தன! நிறம் தன் அண்டை நிறத்தாலும் மாறித் தோன்றும் என்ற இவ்வுண்மையை 1839இல் பெருநூலாக்கினார்.

கண் இவ்வாறு ஏமாறுமெனில் நிறத்தை எப்படிக் குறித்துவைப்பது? அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் ஒரு வழி சொன்னார். எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு செறிவு என்ற மூன்று அளவுகளால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முகவரி தரலாம் என்றார். 1931இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் கேம்பிரிட்ஜில் கூடி, மனிதக் கண்ணையே எண்ணாக்கியது. ரைட் என்பவர் பத்துப் பேரிடமும் கில்ட் என்பவர் ஏழு பேரிடமும் செய்த சோதனைகளே அதற்கு அடிப்படை. பதினேழு பேரின் பார்வை உலகத்தின் பார்வைக்கு அளவுகோலாயிற்று! அதே ஆண்டில் குபெல்காவும் முங்க்கும், பூச்சுப் படலம் ஒளியை எவ்வளவு உறிஞ்சும், எவ்வளவு சிதறடிக்கும் என்பதற்குச் சமன்பாடுகள் கண்டனர். இன்று கடைக் கணினி எந்த நிறமியில் எத்தனை துளி எனக் கணக்கிடுவது இவ்விரண்டின் வழியில்தான்.

ஆனால் எண் காப்பது செய்முறையை மட்டுமே. வெளிர் நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு மிகுந்த பேஸ் வேண்டும், அடர் நிறத்துக்கு அது குறைந்த பேஸ் வேண்டும். பேஸ் மாறினால் எண் ஒன்றானாலும் நிறம் வேறாகும். பளபளப்புப் பூச்சும் மங்கல் பூச்சும் ஒரே நிறத்தை இரண்டாகக் காட்டும். ஈரத்தில் காண்பது உலர்ந்தபின் நிற்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பழைய சுவர்கள் பல ஆண்டு வெயிலையும் அடுக்களைப் புகையையும் உண்டவை. அவற்றின் முதுமை எண்ணுக்குத் தெரியாது.

ஆகவே எண்ணை விட்டோம். பழைய சுவரிலிருந்து நாணயமளவு பூச்சுப் பொருக்கைப் பெயர்த்தெடுத்துக் கடைக்குக் கொண்டுபோனோம். நிறமானி அதிலிருந்து மீளும் ஒளியை அளந்து புதிய கலவை சொல்லிற்று. முதலில் சிறு டப்பா மட்டும் வாங்கி, சுவரின் மூலையில் முழத் துண்டு பூசி, இரண்டு கோட்டும் உலர்ந்தபின் காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்த்தோம். பிறகே தேவையான அளவு முழுவதையும் ஒரே வேளையில் கலக்கச் செய்து, டப்பாக்களை ஒரு வாளியில் ஒன்றாக்கிப் பூசினோம். மூடியில் ஒட்டிய கலவைச் சீட்டையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

பகலில் இப்போது நான்கு சுவர்களும் ஒன்றே. இரவில் விளக்கேற்றினால் மட்டும் புதுச்சுவர் இம்மியளவு விலகி நிற்கிறது. வெவ்வேறு நிறமிகளாலான இரு பூச்சுகள் ஓர் ஒளியில் ஒத்து, மற்றோர் ஒளியில் பிரியும் என்பது அறிவியல் அறிந்த இயல்பே. அதைத் திருத்த நாம் முயலவில்லை. தந்தையார் தேர்ந்தது அட்டையில் இருந்த பச்சையை; நாம் இழக்க அஞ்சியதோ, அவருடன் இருந்த ஆண்டுகளில் சுவரில் முதிர்ந்த பச்சையை.