இரண்டு நகர மன்றங்கள், ஒரு வானவில் கொடி

மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்ட்ராம்க், டெட்ராய்ட் மாநகருக்குள் அடங்கிக் கிடக்கும் சிற்றூர். சுமார் 28,000 பேர் வாழ்கிறார்கள். யூட்டாவின் தலைநகரான சால்ட் லேக் சிட்டியில்தான் மார்மன் திருச்சபையின் தலைமையகம் இருக்கிறது. இரண்டு ஊர்களிலும் சமயப் பற்று ஆழமானது. பால்புதுமையினரின் அடையாளமான வானவில் கொடி விஷயத்தில் இரண்டு நகர மன்றங்களும் ஒருமனதாகவே முடிவெடுத்தன. ஆனால் 2023 ஜூன் 13 அன்று ஹாம்ட்ராம்க் அந்தக் கொடியை நகரச் சொத்துகளிலிருந்து விலக்கியது. 2025 மே 6 அன்று சால்ட் லேக் சிட்டி அதைத் தன் சொந்தக் கொடிகளுள் ஒன்றாக்கிக்கொண்டது. ஆகவே இந்த வேறுபாட்டுக்குச் சமயத்தைக் காரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

ஹாம்ட்ராம்க் சொன்ன காரணம் நடுநிலை. ஒரு குழுவின் கொடிக்கு இடம் தந்தால் எல்லோரும் கேட்பார்கள் என்ற அச்சம் அதில் இருந்தது. அது பொய்யான அச்சமல்ல. ஆனால் அதே தீர்மானம், ஊரில் குடியேறியவர்களின் தாய்நாட்டுக் கொடிகள் பறக்க இடம் விட்டது. விட்டதும் சரிதான், ஏமனிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவர்களுக்கு 'இது உங்கள் ஊர்' என்று அவை சொல்கின்றன. பால்புதுமையினர் கேட்டதும் அதே சொல்லைத்தான்.

இந்த ஊரின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு வேதனை இன்னும் கூடும். 2004இல் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பை ஒலிபெருக்கியில் அனுமதிக்கலாமா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. மன்றம் அனுமதித்தது, எதிர்ப்பாளர்கள் கொண்டுவந்த வாக்கெடுப்பிலும் ஊர் மக்கள் அனுமதியையே நிலைநிறுத்தினார்கள். அப்போது சிறுபான்மையாக இருந்தவர்களின் குரலுக்குப் பொதுவெளியில் இடம் கொடுத்த ஊர் அது. 2021இல் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தபோது அன்றைய மேயர் கேரன் மஜெவ்ஸ்கியின் வாக்கால் வானவில் கொடியும் ஏறியது. இரண்டே ஆண்டில் அது இறங்கியது.

சால்ட் லேக் சிட்டியின் நிலைமை உண்மையில் இன்னும் கடினம். அங்கே தடை மாநில அரசிடமிருந்து வந்தது. சட்டம் அனுமதிக்கும் கொடிகளின் பட்டியலில் இல்லாத ஒன்றை அரசுக் கட்டடத்தில் ஏற்றினால் நாளுக்கு 500 டாலர் அபராதம். ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் கையெழுத்திடாமலே அது சட்டமானது. ஆனால் அந்தப் பட்டியலில் நகரத்தின் அதிகாரபூர்வக் கொடிக்கு இடமிருந்தது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள், மேயர் எரின் மெண்டன்ஹால் முன்வைத்த மூன்று புதிய நகரக் கொடிகளை மன்றம் ஏற்றது. அவற்றில் ஒன்று, நகரின் சின்னமான சேகோ அல்லி மலர் பதித்த வானவில் கொடி. இன்னொன்று திருநர் கொடி. இதைக் குறுக்குவழி என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. 1978இல் கில்பர்ட் பேக்கர் சான் பிரான்சிஸ்கோவில் உருவாக்கிய கொடியின்மேல் தன் மலரைப் பதித்ததன் மூலம், 'இவர்கள் எங்கள் மக்கள்' என்று அந்த நகரம் தன் பெயரிலேயே சொல்லிவிட்டது.

'எல்லோரும் கேட்பார்களே' என்ற அச்சத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பாஸ்டன் நகரம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடிக்கம்பத்தைத் திறந்துவிட்டு, ஒரு கிறித்தவக் கொடியை மட்டும் மறுத்தது. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தவறு என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால், எந்தக் கொடி தன் சொந்தப் பேச்சு என்று நகரம் தெளிவாக வரையறுத்துக்கொண்டால், தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்கு உண்டு. அதன்பின் வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் தலையாட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

ஹாம்ட்ராம்க்கில் 2023 ஜூலையில், தீர்மானத்தை மீறிக் கொடியேற்றிய மனித உறவுகள் ஆணைய உறுப்பினர்கள் இருவர் பதவி நீக்கப்பட்டார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில் 2025இல் கூட்டாட்சி நீதிமன்றம் நகரத்தின் பக்கமே நின்றது. அந்தத் தீர்ப்பு மறுப்பதற்கு உரிமை தந்ததே தவிர, மறுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. சால்ட் லேக் சிட்டிக்கு இருந்ததுபோல் தலைக்கு மேல் ஒரு மாநிலத் தடை ஹாம்ட்ராம்க்குக்குக் கிடையாது. மன்றம் இன்னொரு முறை கூடி வாக்களித்தால் போதும்.