தேயிலை மலைக்குச் சவுக்கு வந்த கதை

அட்டன், டிக்கோயா பக்கத்துத் தோட்டங்களில் தேத்தண்ணி நேரத்துக்குக் கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கும் பெண்கள் உட்காருவதற்கு ஒரு மரத்தடி இருக்கும். மரம் நெட்டையாக நேரே வளர்ந்திருக்கும். காற்று அடித்தால் உச்சி முழுவதும் ஒரு நொடி வெளுத்து, மறுபடி பச்சையாகிவிடும். கீழே கிடக்கும் இலை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பன்னம் போலப் பிளந்து பிளந்து செல்லும் இலை அது. மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் முழுக்கப் பட்டுநூல் ஒட்டியதுபோல வெள்ளை மயிர். காற்று புரட்டிக் காட்டுவது அந்த அடிப்புறத்தைத்தான்.

எங்கள் மலையகத்தில் இதைச் சவுக்கு என்போம். துரைமார் வாயில் அது கிரவேலியா. நீலகிரியில் சில்வர் ஓக்.

சவுக்கு என்ற பெயர் இரவல். தமிழ்நாட்டுக் கடற்கரையில் அந்தப் பெயருக்கு உரியது ஊசி ஊசியாகத் தொங்கும் வேறொரு மரம். ஓக் என்ற பெயரும் இரவல்தான். உண்மையான ஓக்கோ பைனோ இலங்கைக் காட்டில் இயற்கையாக வளர்வதில்லை. இந்த மரத்துக்கு ஓக் என்று பேர் வந்தது அதன் பலகையால். முற்றிய மரத்தை ஆரவாக்கில் அறுத்து இழைத்தால், பலகை முகத்தில் மீன் செதில் சிதறியதுபோல மினுமினுப்பு தெரியும். ஐரோப்பிய ஓக் பலகையிலும் அதே மினுமினுப்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் தம் ஊர் மரத்தின் சாயலைக் கண்டு 'பட்டு ஓக்' என்று பேரிட்டுவிட்டார்கள். இதே வெள்ளைக்காரர்கள் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிவப்பு மரத்தைச் சீடர் என்றார்கள். ஊர்விட்டு ஊர் போனவர்களுக்குப் பழகிய பேரைச் சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும்போலும்.

மரத்தின் சொந்த ஊர் கிழக்கு ஆஸ்திரேலியா. குயின்ஸ்லாந்தின் தெற்கிலும் நியூ சவுத் வேல்ஸின் வடக்கிலும் ஆற்றோரங்களில் வளர்கிறது. கோடையில் மழையும் அதன்பின் நீண்ட வறட்சியும் கண்ட பூமி அது. ஆலன் கனிங்ஹாம் என்ற தாவரச் சேகரிப்பாளர் கண்டெடுத்த இதை, 1830இல் ராபர்ட் பிரவுன் கிரவேலியா ரொபஸ்டா என்று பதிவு செய்தார். லண்டனில் 1804இல் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்ல்ஸ் கிரவில்லின் பேர் அதில் இருக்கிறது. சத்துக் குறைந்த மண்ணில் பிழைக்க இந்த மரம் ஒரு வழி வைத்திருக்கிறது. வேரில் பிரஷ் போல நெருக்கமாகக் குச்சி வேர்களை விட்டு, மண்ணில் ஒட்டிக்கிடக்கும் பொஸ்பரஸைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். விதைக்கு மெல்லிய சிறகு உண்டு. ஒரு சிறு பொட்டலத்தில் ஒரு தோப்புக்கான விதை அடங்கிவிடும். கடல் கடந்து போக அதைவிட வசதி வேண்டுமா?

இந்தப் பக்கம் மலையில் நடந்தது வேறு கதை. கோப்பிக்காக மத்திய மலைநாட்டுக் காடு ஏக்கர் ஏக்கராக விழுந்தது. மலை மலையாகத் தீ வைத்து வெளியாக்கினார்கள். 1873இல் லண்டன் கியூ தாவரப் பூங்காவின் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்கும்படி சொல்லவேண்டிய நிலை வந்தது. ஓர்ட்டன் சமவெளியின் காடு மிஞ்சியதில் அந்தச் சொல்லுக்கும் பங்குண்டு. அதற்குள் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்துவிட்டது. அதை இங்கே முதலில் கண்டது 1869இல். ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத் துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் வைத்த தேயிலை, கோப்பி விட்டுப்போன மலைகளையெல்லாம் மூடியது.

மூடியது தேயிலை, நிழல் இல்லை. மொட்டை மலையில் வெயிலும் காற்றும் நேரே செடிமேல் இறங்கின. மழை விழுந்தால் மேல்மண் ஆற்றுக்குப் போயிற்று. கொழுந்தை வாட்டிக் காயவைக்கும் ஸ்டோருக்கு விறகும் வேண்டும். விறகு தந்த காட்டைத்தான் வெட்டி முடித்தாயிற்றே! 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சவுக்கு இந்த மலைகளில் ஊன்றப்பட்டது அந்தத் தேவைக்காக. காட்டை வெட்டிப்போட்டுவிட்டு, நிழலை வேறொரு கண்டத்திலிருந்து கடன் வாங்கினோம். இந்த மரம் இங்கே வந்த கதையை ஒரு வரியில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கடனாக வந்த மரம் நன்றாக உழைத்தது. ஆழ வேர்விட்டதால் தேயிலையோடு மேல்மண்ணுக்குப் பெரிதாகச் சண்டை போடவில்லை. சல்லடைபோன்ற இலைவழியே வெயிலைப் பாதி மறித்துப் பாதி விட்டது. உதிர்ந்த இலை மண்ணை மூடிக் காத்தது. ஊவாப் பக்கத்து வறண்ட காற்றுக்கும் தாங்கி நின்றது. கிளையை வெட்ட வெட்டத் துளிர்த்தது. வெட்டிய கிளை லயத்து அடுப்புக்குப் போனது. ஆரஞ்சும் பொன்னும் கலந்த பூ, பல் துலக்கும் பிரஷ் போல ஒருபக்கமாகவே நிரைகட்டி நிற்கும். தேன் ஊறும், குருவிகள் மொய்க்கும். ஒன்றை மட்டும் தச்சர்கள் எச்சரிப்பார்கள்: இதன் மரத்தூள் சிலருக்குத் தோலை அரிக்கும்.

1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. ஈரமும் நிழலும் அந்தப் பூஞ்சணத்துக்குச் சொர்க்கம். நிழலுக்காக வைத்த மரத்தையே உயர்ந்த மலைகளில் குறைக்க வேண்டியதாயிற்று. 1970களிலிருந்து, கைவிட்ட தேயிலை மலைகளிலும் புல்வெளிகளிலும் வனத் திணைக்களம் இன்னொரு வெளிநாட்டு மரமான கரீபியன் பைனை நட்டது. பைன் வேகமாக வளர்ந்தது. ஊசியிலை மெத்தையாகக் கிடந்தது. ஆனால் காய்ந்த ஊசியிலையில் தீ சுலபமாகப் பற்றும். ஒரே மரமாக நிற்கும் தோப்பு, உள்ளூர் மரமான ரத்மல் பூத்த பழைய காட்டுக்கு ஈடாகாது. அந்தப் பைன் நிழலில் உள்ளூர்க் கன்றுகளை ஊன்றிக் காட்டைத் திரும்ப அழைக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது வெயில் காலம் மலையில் முன்பைவிடக் கடுமையாகத் தெரிகிறது. தேயிலை கருகும்போது கைகொடுப்பது மரத்தின் நிழல்தான். சவுக்கை நாம் மதிக்க வேண்டும். அது இந்த மண்ணின் மரமில்லை. ஆனால் இங்கே ஒன்றரை நூற்றாண்டாக வேலை செய்கிறது. காசுக்காக ஒன்றை வெட்டினால், அந்தக் குழியிலேயே ஒரு கன்று வைக்க வேண்டும். மலைமுகட்டிலும் ஓடைக்கரையிலும் உள்ளூர் மலைக்காட்டு மரங்களான கீனையும் ரத்மலும் வைக்க வேண்டும். கடனைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான். கூடையை இறக்கிவைத்து இடுப்பை நிமிர்த்தும் பெண்ணுக்கு, நாளைக்கும் ஒரு மரத்தடி வேண்டும்.