வெறும் கறி மட்டும் சாப்பிட்டா உடம்பு ஏறுமா? ஜிம் போறவங்களுக்கு ‘கார்னிவோர் டயட்’ சரிவருமா?

புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் ஈசிஆரில் வரும் ஊர் கோட்டக்குப்பம். கடலோர ஊர் என்பதால் மீனுக்குப் பஞ்சமில்லை, கறிக்கும் குறைவில்லை. சோறு, பருப்பு, காய்கறியை எல்லாம் ஒதுக்கிவிட்டு கறி, மீன், முட்டை மட்டுமே சாப்பிடும் ‘கார்னிவோர் டயட்’ ரீல்ஸைப் பார்த்தால், எடை தூக்கும் இளைஞர்களுக்கு ‘நாமளும் இறங்கிப் பார்க்கலாமே’ என்று தோன்றலாம். இறங்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

பேலியோவும் இதுவும் ஒன்றா?

இல்லை. நியாண்டர் செல்வனின் எழுத்துகள் வழியாகத் தமிழில் பிரபலமான பேலியோவில் காய்கறியும் பாதாமும் உண்டு. கார்னிவோரில் அதுவும் கிடையாது.

தசை வளர எவ்வளவு புரதம் வேண்டும்?

சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் 0.83 கிராம் என்கிறது ஐசிஎம்ஆர். எடை தூக்குபவர்களுக்கு இது கூடும். 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஆராய்ச்சிப்படி, சராசரியாக 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை கூடுதலாக வளர்வதில்லை. அதாவது, 70 கிலோ எடை உள்ளவருக்கு 112 கிராம் போதும்.

4 முட்டையில் சுமார் 24 கிராம், 200 கிராம் எலும்பில்லாத கோழியில் 44, 150 கிராம் மீனில் 28, 50 கிராம் கொண்டைக்கடலை சுண்டலில் 10 கிராம் கிடைக்கும். இதோடு சோறும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். சோற்றை விரட்ட வேண்டிய அவசியமே இல்லை.

கறியில் என்ன நல்லது?

தரமான புரதம், பி12, இரும்புச்சத்து, துத்தநாகம், கிரியேட்டின் எல்லாம் இருக்கு. அதில் சந்தேகமே வேண்டாம்.

அப்போ எங்கே இடிக்குது?

* தசையைக் கட்டுவது புரதம். ஆனால் அடுத்தடுத்து செட் போடும்போது தசைக்கு முக்கிய எரிபொருள் கிளைகோஜன். அது பெரும்பாலும் மாவுச்சத்திலிருந்து சேர்வது. அது குறைந்தால் கடைசி செட்டுகளில் கை தளர்ந்துவிடும்.

* ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் தசையில் தங்கும். முதல் வாரத்தில் ‘சர்ருனு’ எடை குறைவதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான், கொழுப்பு அல்ல.

* மாவுச்சத்தை நிறுத்தினால் இன்சுலின் குறையும், சிறுநீரகம் கூடுதலாக உப்பை வெளியேற்றும். கடற்கரை வெயிலில் வியர்வையிலும் உப்பு போகும். மரக்காணம் உப்பளம் பக்கத்திலேயே இருந்தாலும், உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றல் வரலாம்.

* நார்ச்சத்து பூஜ்யம். 2,000 கலோரிக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர். மலச்சிக்கல் வரலாம், சிலருக்கு எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பும் எகிறலாம்.

யாராவது செஞ்சு பார்த்திருக்காங்களா?

1928-ல் ஆய்வுப் பயணி ஸ்டெஃபான்சனும் அவரது நண்பரும் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனை மருத்துவர்களின் கண்காணிப்பில் ஓராண்டு கறி மட்டுமே சாப்பிட்டார்கள். கொழுப்பில்லாத கறியை மட்டும் கொடுத்தபோது ஸ்டெஃபான்சனுக்கு சில நாளிலேயே வயிற்றுப்போக்கு. கொழுப்பைச் சேர்த்ததும் சரியானது. ஆனால் சோதனையில் இருந்தது இரண்டே பேர். எடை தூக்கும் திறனை அது சோதிக்கவும் இல்லை.

யார் தொடவே கூடாது?

சிறுநீரகக் கோளாறு, யூரிக் அமிலப் பிரச்சினை உள்ளவர்கள் இதில் இறங்க வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தினால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

மொத்தத்தில், தட்டில் கறி இருக்கட்டும். பக்கத்தில் கொஞ்சம் சோறும் சுண்டலும் கீரையும் இருக்கட்டும். வெயிட்டைத் தூக்க அதுவும் வேணும்.