இரும்புக் கையும் மக்கள் நம்பிக்கையும்

ஆற்றல் உடையோரை உலகம் உடனே நம்பிவிடுவதில்லை. இவ்வுண்மையை நம் காப்பியங்கள் நன்கு உணர்ந்திருந்தன. தமையன் மாண்டான் என்றெண்ணிப் பிலத்தின் வாயிலை அடைத்த சுக்கிரீவனை, மீண்டு வந்த வாலி வஞ்சகன் என்றே கொண்டான். அன்று வாலி துரத்திச் சென்று கொன்ற அவுணனின் பெயர் மாயாவி. அச்சமும் ஐயமும் தொனிக்கும் அப்பெயரையே சித்திரக்கதை நாயகன் ஒருவனுக்குத் தமிழ் சூட்டியது. அவனே இரும்புக்கை மாயாவி.

அவன் பிறந்த இடம் இலண்டன். 1962 அக்டோபர் 6ஆம் நாள் வெளிவரத் தொடங்கிய ‘வேலியண்ட்’ வார இதழில், கென் பல்மர் கதை எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ சித்திரம் தீட்டினார். கதைநாயகன் லூயிஸ் கிராண்டெல், பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தொன்றில் கையை இழந்து இரும்புக் கை பூண்டவன். மற்றொரு விபத்தில் பெரும் மின்னாற்றல் அவன் உடலில் பாய, இரும்புக் கை தவிர அவன் முழுதும் மறைந்து போனான். அவன் முதலில் நாடியது நன்மையை அன்று, குற்றத்தையே. பின்னரே மனந்திருந்தி, ‘நிழற்படை’ என்னும் இரகசிய அமைப்பின் வீரனானான்.

இங்குதான் அவனுடைய துன்பத்தின் நுட்பம் விளங்குகிறது. முகம் கண்டு மனம் அறிவது மக்கள் வழக்கம். இவனுக்கோ தொழில் நேரத்தில் முகமே இல்லை. அந்தரத்தில் மிதந்து வரும் இரும்புக் கையைக் கண்டவன், அது காக்க வருகிறதா, கழுத்தை நெரிக்க வருகிறதா என்று எங்ஙனம் அறிவான்? பழைய குற்றத்தின் நினைவும் அக்கையோடு சேர்ந்தே வந்தது. அதே 1962இல் அமெரிக்காவில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேனும் இத்தகையவனே. அவன் எத்தனை உயிர்களைக் காத்தாலும், கதையில் வரும் நாளிதழ் அதிபர் அவனைச் சமூகத்தின் பகைவன் என்றே பறைசாற்றினார்.

நாயகர் மட்டுமல்லர், அவர்கள் வாழ்ந்த ஏடுகளும் ஐயத்துக்கு ஆளாயின. சித்திரக்கதைகள் சிறுவர் மனத்தைக் கெடுக்கின்றன என்று பிரெடரிக் வெர்தம் என்னும் மனநல மருத்துவர் 1954இல் நூல் எழுதினார். அவ்வாண்டிலேயே அமெரிக்கப் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர். பிரிட்டனில் 1955இல் இதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது.

தமிழகத்திலும் அவ்வையம் தொடர்ந்தது. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் வெளியிட, முல்லை தங்கராசன் ஆசிரியராக அமைய, 1972 சனவரியில் முத்து காமிக்ஸ் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தது. சிறுவர் உள்ளம் துள்ளியது. பெற்றோர் புருவம் நெரிந்தது. பாடநூலுக்குள் ஒளிந்த மாயாவி, ஆசிரியர் கையில் அகப்பட்டு மேசை இழுப்பறையில் சிறைப்பட்டதும் உண்டு. கதைக்குள் ஊரார் அவனை நம்பவில்லை. கதைக்கு வெளியே நாம் நம்பவில்லை!

ஆயினும் காலம் தீர்ப்பை மாற்றியது. தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். தமிழோ வீட்டுப் பேச்சில் மட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்கும் பிள்ளைக்கு இலக்கண நூல் அச்சம் தரும். சித்திரமோ கைபிடித்து அழைத்துச் செல்லும். அடுத்த கட்டத்தில் என்ன நேரும் என்னும் ஆவல், அறியாத சொல்லையும் அறியச் செய்யும். ஊரிலிருந்து வரும் பெட்டிகளில் ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் இடையே இவ்வேடுகளும் பயணம் செய்தன. 1984இல் சௌந்தரபாண்டியனின் மைந்தர் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் இம்மரபை வளர்த்தது. அன்று ஒளித்துப் படித்தவர்களே பெற்றோராகிய பின், மாயாவியின் மறுபதிப்புகளைத் தம் மக்களுக்குத் தேடி வாங்கினர்.

நம்பிக்கையை மாயாவி வலிமையால் பெறவில்லை, வாதத்தாலும் பெறவில்லை. ஐயுற்றோர் நடுவிலும் தன் பணியைத் தொடர்ந்து செய்தே பெற்றான். பிற மாநிலங்களில் அயலாராகச் சென்று, உழைப்பாலும் பொறுமையாலும் அண்டை வீட்டாரின் அன்பைப் பெற்ற நமக்கு இது புதிய பாடம் அன்று. நம் பிள்ளைகள் விரும்பி எடுக்கும் தமிழ் ஏடு எதுவாயினும், அதனை ஐயத்தோடு பறிக்குமுன் ஒருமுறை உடனமர்ந்து படிப்போமாக. கண்ணுக்குப் புலப்படாத நன்மையொன்று அதனுள் இருந்து நம் மொழியைக் காத்துக்கொண்டிருக்கலாம்.