ஒரு காபிப் பானையும் கொஞ்சம் கோபமும்

"புதுசா ஒரு குரூப் ஆரம்பிக்க ரெண்டே ரெண்டு பொருள் போதும்டா. ஒரு காபிப் பானை, கொஞ்சம் கோபம்." ஏஏ கூட்டங்களில் புழங்கும் இந்தப் பழைய நக்கலை எனக்குச் சொன்னவர் சித்தப்பா. குடியை விட்டு ஒன்பது வருஷமாகிறது. ஞாயிறு சாயங்காலம் கூட்டம் நடக்கும் வகுப்பறையின் சாவி அவரிடம்தான் இருக்கும்.

போன வருஷம் அவர் குழுவிலிருந்து நாலு பேர் பிரிந்துபோய், நாலு தெரு தள்ளி வேறு கூட்டம் ஆரம்பித்தார்கள். அன்றைக்குச் சித்தப்பா சிரிக்கவில்லை. "எல்லாம் போச்சு" என்றார். எங்கள் மென்பொருள் தொழிலில் ஒரு திட்டம் இரண்டாகப் பிரிவது அன்றாடச் சங்கதி. ஆனால் இங்கே பிரிவது நிரல் இல்லை, மனுஷர்கள். யாராவது மறுபடி குடித்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

1935 மே மாதம். நியூயார்க்கின் பங்குச்சந்தை ஆள் பில் வில்சன், ஓஹையோவின் அக்ரன் நகரில் ஒரு ஓட்டல் முன்கூடத்தில் நிற்கிறார். வந்த வியாபாரம் தோற்றுவிட்டது. குடியை நிறுத்தி ஐந்து மாதம். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் தொலைபேசி. அந்த ஐந்து மாதத்தில் அவர் எத்தனையோ குடிகாரர்களிடம் பேசியிருந்தார். ஒருத்தரும் திருந்தவில்லை. ஆனால் பேசிய அவர் குடிக்கவில்லை. அது நினைவுக்கு வர, தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியை எடுத்தார். அந்த அழைப்பு ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் கொண்டுபோய் விட்டது. மறுநாள் அவர் வீட்டில் வில்சனும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். கால்மணி நேரம்தான் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்த மருத்துவர், பல மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஜூன் 10 அன்று அவர் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் பட்டது இதற்கு அடுத்தது.

அப்போது அமைப்புக்கென்று தனிப் பெயர் கிடையாது. அக்ரன்காரர்கள் 'ஆக்ஸ்போர்ட் குரூப்' என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் நிழலில் கூடினார்கள். பக்கத்து ஊரான கிளீவ்லாந்திலிருந்து கிளாரன்ஸ் ஸ்னைடர் என்பவர் வாராவாரம் ஆட்களைக் காரில் அழைத்து வருவார். அவர்களில் பலர் கத்தோலிக்கர்கள். எல்லார் முன்னாலும் பாவத்தை ஒப்புக்கொள்ளும் அந்த இயக்கத்தின் முறைக்கு அவர்களுடைய சபை சம்மதிக்கவில்லை. சபையா, உயிரா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது என்ன நியாயம்? 1939 மே மாதம் கிளாரன்ஸ் கிளீவ்லாந்தில் தனிக் கூட்டம் தொடங்கினார். ஏப்ரலில்தான் வெளிவந்திருந்த புத்தகத்தின் தலைப்பையே குழுவுக்கு வைத்தார்: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அந்தப் பெயரில் கூடிய முதல் குழு அதுதான்.

அக்ரனில் பலருக்குக் கோபம். துரோகம் என்று தோன்றியிருக்கும்.

அந்த அக்டோபரில் கிளீவ்லாந்து 'பிளெய்ன் டீலர்' நாளிதழ் இவர்களைப் பற்றித் தொடர் கட்டுரைகள் வெளியிட்டது. உதவி கேட்டு நூற்றுக்கணக்கானவர்கள் வந்துவிட்டார்கள். இருந்தவர்களோ கைவிரல் விட்டு எண்ணும் அளவு. வேறு வழியில்லாமல், குடியை விட்டுச் சில வாரங்களே ஆனவர்கள் அன்றைக்கு வந்தவர்களைக் கவனித்துக்கொண்டார்கள். அனுபவசாலி கையில் மட்டும்தான் மீட்பு என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. குழுக்கள் பிரிந்தன, பெருகின.

பிரிவு எல்லாமே நல்லது என்று சொல்லவில்லை. 1840இல் பால்டிமோர் மதுக்கடை ஒன்றில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் மின்னல் வேகத்தில் வளர்ந்து, சில வருஷங்களில் கரைந்துபோனது. மதுவிலக்கு அரசியலும் வேறு சர்ச்சைகளும் அதை நாலா பக்கமும் இழுத்தன. ஏஏ 1946இல் வகுத்த பன்னிரண்டு மரபுகளைப் படித்தால் இந்தப் பயம் தெரியும். குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி வேண்டாம். வெளிப் பணம் வேண்டாம். வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்ல வேண்டாம். தலைவர்கள் ஆள்வதில்லை, ஊழியம்தான் செய்கிறார்கள். தன் காரியத்தை ஒவ்வொரு குழுவும் தானே பார்த்துக்கொள்ளலாம், மற்றக் குழுக்களைப் பாதிக்காதவரை. பத்து வருஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டு கற்ற பாடங்கள் இவை.

கிளீவ்லாந்து கதையைச் சித்தப்பாவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்த அக்ரன்காரனுங்க அப்புறம் பேசிக்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். 1950இல் ஏஏவின் முதல் சர்வதேச மாநாடு கூடி மரபுகளை ஏற்றுக்கொண்ட ஊர் கிளீவ்லாந்து என்றேன். பாப் ஸ்மித் கடைசியாகப் பேசிய பெரிய கூட்டம் அது. புற்றுநோயோடு வந்து பேசினார். அந்த நவம்பரில் இறந்துபோனார்.

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டம் முடிந்ததும், உபரியாகக் கிடந்த டீ கேனைக் கழுவித் துடைத்து என் பைக்கில் ஏற்றினார். "நாலு தெருதான், ஓட்டு" என்றார்.